அக்காவுக்கும் புழுங்கலரிசி

பசாருக்குச் சாமான் வாங்கப் போன மனைவி திரும்புமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால், வீரபத்திரன் பென்சிலால் ஒரு சீட்டில் கிறுக்கினார்.

"தனக்கோடி, பிள்ளை பவளத்தைப் பக்கத்து வீட்டு முத்தம்மையிடம் விட்டிருக்கிறேன். சாவியும் அங்கேதான். மத்தியானம் பாகான் டாலாமிலிருந்து என் அக்கா சாப்பிட வருகிறாள். 'வர்றவங்களுக்காவது வெள்ளை அரிசி ஆக்கு, மானம் போகுது'னு நேற்றுக் கத்தினேனே, அதை விட்டுவிடு. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி சொல்லி அனுப்பியபடி எல்லாருக்கும் புழுங்கலரிசியே ஆக்கு. அக்கா முகம் சுளித்தால், தீட்டின வெள்ளை அரிசியைத் தின்றுதான் பிள்ளைக்குக் கால் வீங்கியது என்று சொல். பவளத்துக்கு மட்டும் தனிச்சோறு போட்டால் தொடமாட்டாள் என்று எங்களையும் அதையே தின்ன வைத்தாய். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது."

சீட்டை அரிசிப் பானைமேல் வைத்தவர், மறுபடி எடுத்து ஓரத்தில் இடுக்கி எழுதினார்.

"வீக்கம் பார்க்க மிஸி உனக்குச் செய்து காட்டியதை நானும் கவனித்து வைத்திருந்தேன். இன்று பவளத்தின் காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். முன்போலப் பள்ளம் விழவில்லை. வந்ததும் நீ ஒரு தடவை அமுக்கிப் பார். நீ சொன்னால்தான் நான் நம்புவேன்."