துடைத்தவள் நான்தான்

நேற்று உங்கள் மகன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்கள் கைத்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தான். லைசென்ஸ் இப்போது அவன் பெயரில். சாப்பாட்டு மேசையில் வைத்துத் துணியைப் பிரித்ததும் காறிப்போன எண்ணெய் வாடை அடித்தது. எத்தனை வருடமானால் என்ன, அந்த வாடை எனக்குத் தெரியாதா? கை தானாக நீண்டது. "நீங்க தொடாதீங்கம்மா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை, உங்கள்மேல்.

நீங்கள் அதை வாங்கியதே ஜம்பத்துக்கு. பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கார் வாங்கிவிட்டார்கள், உங்களுக்கு அதற்கும் மேலே ஏதாவது வேண்டியிருந்தது. கோயம்புத்தூர்க் கடைக்காரர் அதைக் கழற்றிப் பூட்டிக் காட்டியபோது நீங்கள் பக்கத்தில் நின்றவரிடம் நூல் விலை பேசிக்கொண்டிருந்தீர்கள். பார்த்தவள் நான். அன்றிலிருந்து, கம்பெனிக்கு லீவு விடும் அமாவாசைதோறும் அது என் வேலையாயிற்று. முதலில் பிடிக்குள் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினை உருவ வேண்டும். அதன் பிறகுதான் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். குழலுக்குள் தோட்டா தங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் கழற்றி, பழைய பனியன் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். நம் ஊரில் அதற்கு மேல் விட்டால் பஞ்சுத் தூசி வந்து அப்பிக்கொள்ளும். இதில் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? வெளியே மட்டும், "நானேதாங்க கழட்டித் தொடைப்பேன், வேற யாரையும் தொட உடமாட்டேன்" என்று பீற்றிக்கொள்வீர்கள். உள்ளே உட்கார்ந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பையன் சின்னவனாக இருந்தபோது ஒரு ஆயுத பூஜைக்கு மெஷின் சாமான்களோடு அதையும் சேர்த்து வைத்தீர்கள். சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாதாம். படி என்றால் நெல் இருக்க வேண்டும், சொம்பு என்றால் தண்ணீர். அதனால் மேகசினில் தோட்டாவை நிரப்பிச் செருகினீர்கள். "நெறஞ்சு இருக்கோணும் அம்மிணி."

"அது சொம்புங்களா?" என்று கேட்டேன். முறைத்துவிட்டுச் சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் அப்பினீர்கள்.

மறுநாள் காலையில் உங்கள் சிநேகிதர், அந்த நூல் கடைக்காரர், வந்திருந்தார். காய்ந்த சந்தனத்தைத் துடைக்கிறேன் என்று அவர் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தீர்கள். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வந்தேன். "உள்ள போ அம்மிணி, இது பொம்பளைங்க வேலையா?" என்றீர்கள். வாய் கூசாமல் சொன்னீர்கள்! நான் போகவில்லை, கதவோரம் நின்று பார்த்தேன். முதலில் ஸ்லைடை இழுத்து விட்டீர்கள். அப்போதே ஒரு தோட்டா குழலுக்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மேகசினை உருவிக் கீழே வைத்து, "அவ்வளவுதானுங்க, இனி இது வெறும் இரும்பு" என்றீர்கள்.

"ஏனுங்க, உள்ள பாருங்க! உள்ள ஒண்ணு இருக்குதுங்க!" என்று கத்தினேன்.

உங்கள் முகம் சிவந்தது. வந்தவர் முன்னால் பெண்டாட்டி கத்தினால் மானம் போய்விடும் அல்லவா? "ஒண்ணுமில்ல, பாரு" என்று எனக்குக் காட்டத்தான் விசையை அழுத்தினீர்கள்.

தொடையில் பாய்ந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குச் சிநேகிதர் காரை ஓட்டினார். பின்சீட்டில் என் சேலையைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். அவிநாசி தாண்டியதும் கண்ணைத் திறந்து அவரிடம் பேசினீர்கள். "இவ சரியாத் தொடைக்கலீங்க. வெசை ஒட்டிக்கிச்சு." ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டீர்கள். அத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் மறைத்த என் வேலையை, பழி போட வேண்டி வந்தபோதுதான் வெளியே சொன்னீர்கள்.

என் கத்தலைக் கேட்ட சிநேகிதர் வாயைத் திறக்கவில்லை. செத்தவர் பேச்சைப் பொய்யாக்கக் கூடாதாம். "ஆயுதத்துல பொம்பளை கை பட்டா வெளங்குமா?" என்று எழவு வீட்டிலேயே கேட்டார் உங்கள் அக்கா. நம் பையன் இதைக் கேட்டேதான் வளர்ந்தான். அப்பாவைப் பற்றி அவனுக்கு நல்லதாக நாலு வார்த்தை மிஞ்சட்டும் என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று கட்டவில்லை. "தள்ளு" என்றேன். மேகசினை உருவினேன், ஸ்லைடை இழுத்தேன், உள்ளே பார்த்தேன், அவனையும் பார்க்கச் சொன்னேன். அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "அப்பா ஏம்மா அப்படிச் சொன்னாரு?" என்றான்.

காரில் அதைச் சொன்னபோது உங்கள் கை என் கையை விடாமல் பிடித்திருந்தது. இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே எப்படிச் சொன்னீர்கள்?