ஜோதியின் லாகின்

4, திங்கள்
காலையில் தூறல். கம்பெனி பஸ் ஒரகடம் சிக்னலில் இருபது நிமிடம்.

ஜோதியும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய இ-ரீடரில் ஜப்பானிய அகராதி இல்லை. இருந்தால் தெரியாத சொல்லின் மேல் விரல் வைத்தாலே அர்த்தம் வரும். ஜப்பானிய மொழிப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான். எங்கள் அசெம்பிளி லைனிலிருந்து கம்பெனி அனுப்பும் பட்டியலில் நாங்கள் இரண்டு பேர். தேறினால் ஜப்பானில் மூன்று வருட வேலை. ஜோ.வின் அம்மா சங்கரன்கோவிலில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

ஜப்பானிய வகுப்பு மிஸ் அகராதியைப் பென் டிரைவில் கொடுத்தார். ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். படப்பை நெட் சென்டரில் கேட்டால், "வைரஸ் வந்தா யாரு பாக்கறது? அதெல்லாம் சொருவாதம்மா."

வாங்க: சோப்பு, மல்லித்தூள், கொசுவத்தி.

6, புதன்
செய்துவிட்டேன். இ-ரீடரை டிபன் பையில் தட்டுக்கு அடியில் வைத்து செக்யூரிட்டியைத் தாண்டியாயிற்று. ஜோ. டீக்குப் போனபோது அவளுடைய இன்ஸ்பெக்‌ஷன் கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போயிருந்தாள். பென் டிரைவ், இ-ரீடர், இரண்டையும் செருகினேன். நாலே நிமிடம். எதையும் செருகக் கூடாது என்று மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கிறது. கவனிக்கவில்லை என்று எழுதலாம். பொய். பார்த்தேன்.

திரும்பி வந்த ஜோ., "என்னட்டி செய்யுதே?" என்றாள். முதலில் பயந்தாள். நாங்கள் சேர்ந்து தங்கும் அறைக்கு வந்ததும் அவள்தான் என் கையிலிருந்து பிடுங்கிச் சொல் சொல்லாகத் தொட்டுப் பார்த்தாள். "இனி ஃபெயில் ஆனா நம்மளத்தான் செருப்பால அடிக்கணும்."

8, வெள்ளி
வெயில். கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை.

கம்ப்யூட்டரில் ஏதோ செருகப்பட்டதாக ஐ.டி. பிரிவுக்குத் தகவல் போயிருக்கிறது. லாகின் ஜோதியுடையது. அந்த மூலையில் கேமரா கிடையாது. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். என்னிடம், "இன்னாமா, நீ பக்கத்துலதான கீற. யாரு சொருவுனதுன்னு பாத்தியா?"

"இல்ல சார்."

ஜோ. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாந்தான் சார்."

9, சனி
ஜோ.வுக்கு வேலை போய்விட்டது. ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். அறையில் பெட்டி கட்டினாள். நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லணும்னா நேத்தே சொல்லிருப்பே."

அழுதேன். அதுவும் எனக்காகத்தான் அழுதேனோ என்னவோ. இ-ரீடரை என் தலையணை மேல் வைத்துவிட்டாள். தாம்பரம் பஸ்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் நின்ற பக்கத்து ஜன்னலில் அவள் உட்காரவில்லை.

11, திங்கள்
ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஜோ. இடத்தில் புதுப் பெண்.

இன்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சூப்பர்வைசர் அவராகவே வந்தார்.

"லிஸ்ட்ல இப்ப நீ ஒருத்திதான். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கேட்டுகினே கீறாங்க. கொண்டாந்தியா?"

பையில் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.