நிலவறையில் திறந்திருந்த வால்வு

அன்புள்ள ரிக்கெ,

அப்பாவும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெயிலை அளந்துகொண்டு நிற்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் இறுகவில்லை, ஈரக்காற்றுதான். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, உன் அறை ஜன்னலுக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்.

சொல்ல வந்தது வேறு. போன செவ்வாய் ஊர் மன்றத்தில் இங்கர் என்ற இயற்பியல் பேராசிரியை பேச வந்தார், உலகம் தாங்குகிற மாதிரி நாம் வாழ்வது எப்படி என்று. இந்த மாதிரிப் பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். வழக்கம்போல எல்லாரும் சேர்ந்து பாடி, காப்பியும் அடுக்குக் கேக்கும் ஆனபிறகு தொடங்கினார். உலகத்தில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, அதை வேலை செய்யவிடாமல் திருப்பி அனுப்புகிறோம், அவ்வளவுதான் என்றார். குளிரில் வீடுகளைச் சூடாக்க நம் கூட்டுறவு குழாய்வழி அனுப்பித் திரும்ப வாங்கும் தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால், பால் தொழிற்சாலை வீணாக வெளியே விடும் வெப்பமே ஊருக்குப் போதும் என்று படம் போட்டுக் காட்டினார். அதற்குத்தான் நாளை கூட்டுறவில் வாக்கெடுப்பு. நான் எழுந்தேன். இருபது வருஷமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். "இப்பவே எங்க தெருக்கோடி வீட்டுல எப்பெ கோட்டு போட்டுக்கிட்டுதான் சாப்பிடுறார். தண்ணிய இன்னும் ஆறவெச்சு அனுப்பினா அவரை எதுல சுத்தி வைக்கிறது?" என்றேன். கூடம் சிரித்தது, கை தட்டியது. இங்கர் கோபப்படவில்லை. அந்தத் தெருவிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று மட்டும் கேட்டார். கொதிகலன் பார்க்கும் நில்ஸ் கோப்பையைக் கீழே வைக்காமலே, "ஒரு வீட்டுலருந்து மட்டும் அறுபது டிகிரியில வருது, போன சூடு போன மாதிரியே. ரெண்டு தடவை கடிதம் போட்டாச்சு. பேரு சொல்றது நம்ம வழக்கமில்ல" என்றார். "பாவம் எப்பெ, நடுவுல எவனோ அவர் சூட்டைக் குடிக்கிறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த இரண்டு கடிதங்களும் நம் சமையலறை இழுப்பறையில் இருக்கின்றன. எனக்கே பாடமா என்று பாதி படித்துவிட்டுப் போட்டவை. நீ புறப்படுவதற்கு முதல் நாள் நிலவறையில் நின்று சொன்னாயே, "அம்மா, அந்த பைபாஸ் வால்வு கோடைக்கு மட்டும்தான். குளிர்காலத்துல மூடிடு. இல்லேன்னா சூடுதண்ணி வீட்டுக்குள்ள சுத்தாமலே திரும்பிடும், கடைசி வீட்டுக்குக் கிடைக்காது" என்று. காலையில் குழாயைத் திறந்ததுமே சுடச்சுட வர வேண்டும் என்பதற்காக நான் அதைத் திறந்தே வைத்திருந்தேன். நீ எனக்கு இயற்பியல் நடத்த வேண்டாம், போய் உலகத்தைக் காப்பாற்று என்றேன். நீ மேலே போய்ப் பெட்டியை அடுக்கினாய்.

மன்றத்தில் அப்போதே சொல்லியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன். முடிவுப் பாட்டும் பாடினேன். வாசலில் எப்பெ என் கையைப் பிடித்து, "எனக்காகப் பேச நீ ஒருத்தியாவது இருக்கியே, டோர்த்தே" என்றார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வால்வை மூடினேன். கால்வாசிச் சுற்று, அவ்வளவுதான் வேலை. இன்று காலை அவர் கேக்கோடு வந்தார், கோட்டு இல்லை, பின்னல் சட்டை மட்டும். "நீ போட்ட சத்தத்துல கூட்டுறவுக்காரனுங்க பயந்துட்டானுங்க, மறுநாளே சூடு வந்துடுச்சு! நாளைக்கு வேண்டாம்னுதான் கை தூக்குவேன், தெருவே உன் பக்கம்தான்" என்று சிரித்தார். நான் நன்றி சொன்னேன், ரிக்கெ. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நாளை வாக்கெடுப்புக்கு முன் எழுந்து சொல்லப்போகிறேன். வாய் வருமா என்று தெரியவில்லை, அதனால் முதலில் உனக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் அன்று பேசிய பேச்சுக்கு என்னை மன்னித்துக்கொள். கேக் வெட்டாமல் மேசையில் இருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன், எல்லாம் கேட்ட பிறகும் எப்பெ அதை வெட்டிக் கொடுத்தால் ஒரு துண்டு சாப்பிடுவேன்.

நீ எடுத்த காரியம் கைகூடி, மனநிறைவோடு இரு. தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் அப்பாவிடம் கேள், அம்மா சொன்னாளா என்று.

நீ சொன்னபோது கேட்காத உன் அம்மா,
டோர்த்தே