யாரும் நடக்காத வாசல்

காலையிலிருந்து ஈரச் சிமெந்து வாசம் வீட்டுக்குள்ளே வந்துகொண்டிருக்கிறது. எலக்சன் வருகிறதாம், நம்ம பாதைக்குக் கொங்கிறீட் போடுகிறார்கள். ரோட்டிலிருந்து தொடங்கி முதல் வரிசை வீடுகள், இரண்டாம் வரிசை என்று ஏறி வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு இறங்கினால், இரண்டாம் வரிசையோடு வேலையை முடித்துவிட்டு மண்வெட்டி கழுவுகிறார்கள். ஏன் தம்பி நிறுத்திட்டீங்க என்று கேட்டேன்.

"மேல ஒரு வீடுதானேம்மா" என்றான் ஒருத்தன்.

"அந்த ஒரு வீட்டுலதான் என் புருசன் கேக்க ஆளில்லாம செத்தாரு" என்றேன். தேத்தண்ணியைப் புல்லில் கொட்டிவிட்டு ஏறி வந்துவிட்டேன். அவன் பாவம், கூலிக்கு வந்தவன். என் கோவம் அவன் மேல் இல்லை. உங்க மேல்.

நீங்க போய் நாலு வருஷம். இத்தனை நாளும் அழுதேன், இன்றைக்குத் திட்டுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து, இந்தக் கடுதாசியில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் காணிக்குச் சீட்டு குலுக்கிய நாள் ஞாபகம் இருக்கா? குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டுச் சொந்த வீடு. முதல் சீட்டு உங்க பேருக்கு விழுந்தது. விருப்பப்பட்ட இடத்தை நீங்கதான் முதலில் எடுக்கலாம். ரோட்டோர மூலைக் காணியைத்தான் எடுப்பீங்க என்று, அடுப்பு எங்கே வைப்பது என்பது வரைக்கும் நான் மனசுக்குள் யோசித்துவிட்டேன். லுணுகலை பஸ் நிற்கிற இடம் பக்கத்தில். பீலித் தண்ணி பக்கத்தில். மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில்.

நீங்க மலை உச்சியைக் கை காட்டினீங்க.

கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார். பக்கத்துக் காம்பரா மாரியாயி புருஷன், "என்னா மச்சான், அங்க போயி சாமியாராகப் போறியா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்க சிரிக்கவில்லை. "இனிமே எவனும் என் வாசல்ல நடக்கக் கூடாது" என்றீங்க.

ஏன் அப்படிச் சொன்னீங்க என்று எனக்குத் தெரியும். லயத்தில் பத்துக் குடும்பத்துக்கும் ஒரே நீள இஸ்தோப்புத் திண்ணை. பீலிக்குப் போகிறவர்கள், கக்கூசுக்குப் போகிறவர்கள் எல்லோரும் நம்ம வாசலைத் தாண்டித்தான் போகணும், போகும்போது சட்டிக்குள் என்ன வேகுது என்றும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் மருந்து சொல்வார்கள். கங்காணி ஏசினதை ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொல்லி அழுதீங்க. மறுநாள் பெரட்டில் ஒருத்தன் அந்த அழுகையை அப்படியே நடித்துக் காட்டினான். அதற்குப் பிறகு காம்பராவுக்குள் நீங்க வாய்விட்டுப் பேசியதே இல்லை. கைச்சாடைதான்.

அதனால் உச்சிக்குப் போனோம். போகுமுன் தூரம் பார்த்தீங்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மேலே நின்று வெறுங்கையோடு ரோட்டுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசந்தான்" என்றீங்க. நீங்க தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர், ஒரு கத்தியோடு மலை ஏறி இறங்குகிற கால். அரிசி மூட்டையோடு ஒருமுறை ஏறிப் பார்த்தீங்களா? தண்ணிக் குடத்தோடு? மழை நாளில், கொழுந்து எடுத்து வெடவெடத்த காலோடு? என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, ஒரு வீட்டின் தூரம் இறங்கும்போது தெரியாது என்று.

நம்ம வீட்டுக்கு யார் வந்தார்கள்? மிட்வைஃப் அம்மா இரண்டாம் வரிசையில் நின்று, கீழ வாங்க என்று ஆள் அனுப்புவார். தபாலை ரோட்டோரம் மாரியாயி வீட்டில் போட்டுவிடுவார்கள். பொங்கலுக்குக்கூடச் சொந்தக்காரர்கள், கால் வலிக்குது அண்ணி, நீங்களே வந்துட்டுப் போங்க என்றார்கள். மாலை வகுப்பு முடிந்து தனியாக ஏற முடியாமல் மகள் ஓ.எல். பரீட்சை எழுதாமலே நின்றுவிட்டாள். நீங்க எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தீங்க: "நிம்மதியா இருக்கோம்ல."

இருந்தீங்க. அதையும் சொல்லத்தான் வேணும். மூணு வருஷம் இந்த வீட்டில் வாய்விட்டுப் பேசினீங்க, பாடினீங்க. ஒருநாள் காரணமே இல்லாமல் என்னைச் சத்தமாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, சும்மாதான் என்றீங்க. அதனால்தான் முழுசாய்த் திட்டவும் முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயுதான், நீ கொழுந்தெடுக்கப் போ என்றீங்க. மகள் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல கொழுந்துக் காலம், நானும் போய்விட்டேன். அதற்கு என்னையும் திட்டிக்கொள்கிறேன். நாலரைக்குக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஏறி வந்தால், வாசலிலிருந்து இறங்குகிற படிக்கட்டில் எட்டாவது படியில் குப்புறக் கிடக்கிறீங்க. ஒரு செருப்பு மேலே வாசலில். காலை பத்து பதினொன்றுக்கே நடந்திருக்கும் என்றார் டாக்டர். யாராவது உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அந்த நேரம் லயத்தில் கிடந்திருந்தால் சுவரைத் தாண்டி முனகல் கேட்டிருக்கும். ரோட்டோரம் கிடந்திருந்தால் பிள்ளைகள் பார்த்திருக்கும், மாடு மேய்க்கிறவன் பார்த்திருப்பான். நம்ம வாசலில் எவனும் நடக்கவில்லை. நீங்க கேட்டதுதான் கிடைத்தது.

இதுவரை எழுதி நிறுத்தி எட்டு நாளாகிவிட்டது. அதற்குள் நான் ஒரு வேலை செய்துவிட்டேன். மாரியாயி மகன் மாடு வளர்க்கிறான். சாண வாடை என்று அக்கம்பக்கத்தில் தினம் சண்டை. மேல் வீட்டை நீ எடு, உங்க ரோட்டோர வீட்டை எனக்குக் கொடு என்றேன். தோட்டத்துத் தலைவர் முன்னால் வாய்ப்பேச்சாய் மாற்றிக்கொண்டோம். கொழும்பில் கடை வேலைக்குப் போன நம்ம மகன் போன் பண்ணிக் கத்தினான்.

"அப்பா கட்டுன வீட்ட மாட்டுக்கா குடுத்தீங்க?"

"மாட்டுக்கு நாலு காலு இருக்குடா, அது ஏறும்" என்றேன்.

மகளும் நானும் சாமான்களைப் பதினாறு நடையில் இறக்கினோம். உங்க படத்தைக் கடைசி நடையில் கொண்டுவந்தேன். கோவம்தான், வேறென்ன.

நேற்றுச் சாயந்தரம் புது வீட்டு இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் அடுத்த டிவிசன் பொம்பளை ஒருத்தி, பேர்கூடத் தெரியாது, கொழுந்துக் கூடையோடு போகிறபோக்கில் என் முகத்தைப் பார்த்தாள். "என்னாக்கா, ஒரு மாதிரியா இருக்கீங்க, சொகமில்லையா?"

கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டாள். நான் சுளகைக் கீழே வைத்தேன். அவள் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான் என் வாயில் பதில் வந்தது. "ஆமா தங்கச்சி, நெஞ்சு வலிக்குது, யாரையாச்சும் கூட்டியா."

எனக்கு நெஞ்சுவலி இல்லை. அது நீங்க சொல்ல வேண்டிய பதில். கேட்க ஆள் வராமல் எட்டாவது படியில் நின்றுபோன அந்தப் பதிலை, நாலு வருஷமாய் நான்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.