அங்கால போ

இஞ்சாருங்க,

எனக்கு இண்டைக்குக் களுவாஞ்சிக்குடியில பயிற்சி வகுப்பு. ஆறரை பஸ்ஸுக்குப் போறன். நீங்க நல்ல நித்திரை, அதால எழுப்பல்ல.

உங்களுக்குச் சோறும் மீன் கறியும் மூடி வச்சிருக்கன். சின்னக் கோப்பையில இருக்கிறது நாய்க்குட்டிக்கு. உறைப்பில்லாம அவிச்ச மீனை முள் எடுத்துச் சோத்தோட பிசைஞ்சிருக்கன். மூண்டு தரமாப் பிரிச்சுக் குடுங்க. பால்மா கரைச்சு வைக்க வேணாம். நேத்து அதாலதான் அதுக்கு வயித்தால போனது. நான் குடுக்கல்ல. வீட்டில இருக்கிறது நாம ரெண்டு பேர்தான்.

பெட்டிக்குள்ள உங்கட பழைய சாரத்தை விரிச்சிருக்கன். உங்கட மணம் இருந்தாத்தான் அழாமப் படுக்குது.

மத்தியானம் குட்டிட வாயைத் திறந்து பல்லைச் சுத்தியிருக்கிற முரசைப் பாருங்க. வெளிறி இருந்தா, இல்லாட்டி திண்டதைச் சத்தி எடுத்தா, உடனே ஆட்டோ பிடிச்சு மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க. சோர்ந்து கிடந்தா முதல்ல ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்க. 'மின்னி' எண்டு நான் வச்ச பேர் அதுக்கு விளங்காது. வந்த நாளிலயிருந்து நீங்க "அங்கால போ, அங்கால போ" எண்டு விரட்டி விரட்டி, அதுதான் தன்ட பேர் எண்டு நினைச்சு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருது. அதுக்கும் எழும்பி வராட்டி சுகமில்லை, வருத்தம்தான். எனக்குக் கோல் எடுங்க.

சுகந்தி

செருப்பை உயர வையுங்க. ஒண்டை ஏற்கனவே குட்டி கடிச்சுப்போட்டுது.

உங்களைக் கேக்காமக் குட்டியைக் கொண்டுவந்தது என்ட பிழைதான். நேத்துச் சண்டையில என்னையும் "அங்கால போ" எண்டீங்க. அஞ்சு மணி பஸ்ஸில ஓடி வாறன்.