ஒரு குத்தம் சொல்லும், பாப்போம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சந்தை திறந்த சற்று நேரத்தில், குழாய்க் கம்பெனியில் எனக்கிருந்த பதினோரு ஷேர்களையும் விற்றுவிடுவதென்று முடிவெடுத்தேன். அதற்கு முன் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். அந்தக் கம்பெனியின் கோடிக்கணக்கான ஷேர்களில் பதினொன்று ஒரே நாளில் கைமாறுவதை நாட்டின் பொருளாதாரம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்ற கவலை இருந்தது. நல்லபடியாகவே எடுத்துக்கொண்டது. மாலைத் தொலைக்காட்சி விவாதத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. மனைவியிடம் சொன்னபோது, சாளை மீன் என்ன விலைக்குப் போகிறது தெரியுமா என்று கேட்டாள்.

அண்ணாச்சி, இதற்கெல்லாம் காரணம் உங்கள் வீட்டிலிருந்து வந்த ஓர் ஆண்டறிக்கை. இப்போது கம்பெனிகள் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிக் கையைக் கழுவிவிடுகின்றன. நீங்கள் மட்டும் அச்சுப்பிரதிதான் வேண்டுமென்று ஆண்டுதோறும் எழுதிக் கேட்டு வாங்குவீர்கள். ஷேர்கள் மதினி பெயருக்கு மாறிய பிறகு மதினியும் அப்படியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். உறையைக் கிழித்ததும் அந்த வழவழப்பான தாளின் மை வாசனை எழுந்தது. எதிர் நாற்காலியில் நீங்கள் வந்து உட்கார்ந்தது போலவே இருந்தது. எனக்கு உடனே வயிறு எரிந்தது.

அக்காவைக் கட்டியவர் நீங்கள், தங்கையைக் கட்டியவன் நான். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இருவரை ஊர் ஒப்பிட்டுப் பார்க்காமல் விடாது. ஊர் தொடங்குவதற்கு முன்பே நான் ஒப்பிட்டு முடித்திருந்தேன். பி.காமில் நான் முதல் வகுப்பு, நீங்கள் இரண்டாம் வகுப்பு. நான் ஒரு சுங்க ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். நீங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் கயிறும் ஏற்றினீர்கள். மாமனார் வீட்டு விருந்தில் முதல் இலை உங்களுக்கு, மீன் தலையும் உங்களுக்கு. நீங்கள் வாங்கிய ஷேர் ஏறும். நான் வாங்கியது யோசிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஸ்கூட்டரில் வந்து இறங்குவீர்கள். ஒரு கையில் மக்ரூன் பொட்டலம் இருக்கும். மறு கையில் ஏதாவதொரு பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கை. "சகலை, இதுல ஒரு குத்தம் சொல்லும், பாப்போம்" என்று என் மடியில் போடுவீர்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டு அதைக் காட்டத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். ஆகவே அடுத்த ஞாயிறு வரை அதை எதிரியின் ஜாதகத்தைப் போலப் படிப்பேன். சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற ஆய்வாளர்கள்கூட இவ்வளவு விரோதத்தோடு படித்திருக்க மாட்டார்கள். நான் தலைவரின் முன்னுரையில் தொடங்குவேன். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து, பொடி எழுத்துக் கணக்குக் குறிப்புகளில் தொடங்குவீர்கள். அப்படிப் படிப்பது ஒழுங்கில்லாத பழக்கம் என்பது அன்றைய என் கருத்து.

தலைவர் படம் மூன்று இடத்தில் இருக்கிறது. மகனை இயக்குநராக்கியிருக்கிறார். சரக்கு விற்ற பணம் வசூலாகத் தாமதமாகிறது. லாபத்தோடு ஒப்பிட்டால் ஷேர் விலை மிக அதிகம். இப்படி அடுக்குவேன். நீங்கள் மக்ரூனைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்பீர்கள்.

"இந்தக் குத்தம் உம்ம கம்பெனில இருந்தா வித்திருவீராவே?"

யோசிப்பேன். படத்துக்காக நான் விற்க மாட்டேன். மகனுக்காகவும் மாட்டேன்.

"அப்பம் அது உம்ம வயித்துல இருந்து வந்தது. கண்ணுல பட்டதைச் சொல்லும்."

ஒருமுறை, சாலை போடும் பெரிய கம்பெனி ஒன்றின் அறிக்கையைக் கொண்டுவந்தீர்கள். ஊரே அதை வாங்கிக்கொண்டிருந்த காலம். நடத்துகிறவர்கள் தங்கள் ஷேர்களில் பெரும்பகுதியை அடகு வைத்திருந்ததை நான் கண்டுபிடித்தேன். உங்கள் கேள்விக்கு, வித்திருவேன் என்று யோசிக்காமல் சொன்னேன். "நல்லது" என்று எழுந்து போனீர்கள். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் உங்களைக் காணவில்லை. நான் புரிந்துகொண்டேன்: என்னை ஒதுங்கச் செய்துவிட்டு நீங்கள் சத்தமில்லாமல் வாங்கிக் குவிக்கிறீர்கள். திங்கட்கிழமை நானும் வாங்கினேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. நீங்களோ அதில் ஒரு ஷேர்கூட வாங்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்து வயலில் அறுவடை பார்க்கப் போயிருந்தீர்கள். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பொறாமைப்படுகிறவன் யாரையும் கேட்பதில்லை, அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் மதிப்பீட்டில் நான் தவறவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நம் ஊருக்கு வந்து பேசுகிற முதலீட்டு நிபுணர்கள் யாரும் ஷேர் வாங்குவதை முத்துக்குளிப்போடு ஒப்பிடாமல் மேடையிலிருந்து இறங்கியதில்லை. ஹோட்டல் ஹாலில் ஒருவர் ஆழ்கடல், மூச்சடக்கல், பொறுமை என்று உருகிக்கொண்டிருந்தபோது நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "இவருக்கு நீச்சல் தெரியுமாவே?" என்றீர்கள். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். அந்த நகைச்சுவை எனக்குத் தோன்றவில்லையே என்று வீடு வரும்வரை வருந்தினேன்.

உங்கள் முதலாண்டுத் திவசம் முடிந்த வாரம் மதினி கூப்பிட்டு அனுப்பினார்கள். வங்கியிலிருந்து ஒரு பையன் வந்து, எல்லா ஷேர்களையும் விற்றுத் தங்கள் திட்டத்தில் போடச் சொல்கிறானாம். நீங்கள் விட்டுப்போனதில் பெரும்பகுதி குழாய்க் கம்பெனியில்தான் இருக்கிறது. ஆறுமுகநேரி உப்பளங்களில் எங்கு பார்த்தாலும் அவர்கள் குழாய்தான் ஓடுகிறது என்று சொல்லி நீங்கள் வாங்கத் தொடங்கியது. அந்த டிவிடெண்டில்தான் மதினி யாரிடமும் கைநீட்டாமல் இருக்கிறார்கள். அவசரப்பட்டு விற்றாலும் சென்னையில் இருக்கும் மகளை அண்ட வேண்டிவரும், விற்காமல் வைத்திருந்து அது விழுந்தாலும் அண்ட வேண்டிவரும்.

"அவிய சொல்லிட்டுத்தான் போனாவ" என்றார்கள் மதினி. "எந்தக் கம்பெனி அறிக்கையா இருந்தாலும் சகலைட்ட குடு. மத்தவன் எல்லாம் கமிஷனுக்குப் படிப்பான், சகலை வயித்தெரிச்சல்ல படிப்பாரு. அவருக்கே குத்தம் கிடைக்கலன்னா பேசாம வச்சுக்கோன்னாவ."

காஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று சொல்வது போலத்தான் சொன்னார்கள். குத்தலாகச் சொல்லவில்லை. சீனி போதுமா என்றும் கேட்டார்கள்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எதையும் காட்ட வரவில்லை. வாங்குவதற்கு முன்னால் என்னைப் படிக்கவைக்க வந்திருக்கிறீர்கள். என் பொறாமைக்கு இப்படியொரு பயன் இருப்பது எனக்கே தெரியவில்லை. என்னிடமிருந்த ஒரே நல்ல முதலீட்டையும் நீங்கள்தான் கண்டுபிடித்து, நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள். இதற்கும் சேர்த்து இப்போது எரிகிறது.

மதினி கொடுத்தனுப்பிய அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். குற்றம் கிடைத்தது. லாபம் ஏறியிருக்கிறது, ஆனால் அந்த லாபம் ரொக்கமாகக் கைக்கு வரவில்லை. இருந்த ரொக்கமும் நடத்துகிறவர்களின் குடும்பத்துக்குச் சொந்தமான வேறு கம்பெனிகளுக்குக் கடனாகப் போயிருக்கிறது. கணக்குத் தணிக்கையாளர் வேறு வேலைகள் இருப்பதாகச் சொல்லிப் பாதியில் விலகியிருக்கிறார். இது உங்கள் காலத்திலேயே இருந்திருக்காதா என்று ஆவலோடு உங்கள் அலமாரியிலிருந்து பழைய அறிக்கைகளை வரவழைத்துப் பார்த்தேன். இல்லை. நீங்கள் இருந்தவரை அது சுத்தமான கம்பெனி. பிழையாகிற ஆண்டுக்கு முன்பே போய்விட்டீர்கள். உங்கள் நேரம் எப்போதுமே அப்படித்தான்.

நான் கண்டது கண்ணில் பட்டதா, வயிற்றிலிருந்து வந்ததா? பிரித்துச் சொல்ல நீங்கள் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. அதற்குப் பதில் சொல்லும் தகுதியும் எனக்கு இருந்தது. ஏனென்றால் நீங்கள் வாங்கிய காலத்தில் உங்களுக்குத் தெரியாமல் நானும் பதினொன்று வாங்கிவைத்திருந்தேன். ஏறினால் உங்களுக்கு மட்டும் ஏறிவிடக் கூடாது என்பது என் முதலீட்டுக் கொள்கை. அந்தப் பதினொன்றைத்தான் செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு விற்றேன்.

மாலையில் மதினியிடம் போய்க் கண்டதைச் சொன்னேன். அவர்களுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"உங்கட்ட இருந்தா வித்திருவியளா?"

"இருந்துச்சு மதினி. காலையில வித்துட்டேன்."

மதினி சிரித்துவிட்டார்கள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

"பதினொண்ணுதான? அவியளுக்குத் தெரியும். டிவிடெண்ட் வரும்போதெல்லாம், சகலைக்கும் காப்பித்தூளுக்கு வந்திருக்கும்னு சொல்லுவாவ."



எந்தக் கம்பெனியை எடுத்தாலும் இப்போது கடைசிப் பக்கத்தில் தொடங்கி உங்கள் கேள்வியில் முடிக்கிறேன். ஆனால் பழைய கூர்மை இல்லை. இது இன்னாருடைய கம்பெனி என்று எரிவதற்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரை முயன்று பார்த்தேன். அவர் வைத்திருப்பது வைப்புநிதி மட்டும்தான்.

வியாழக்கிழமை மதினி எல்லாவற்றையும் விற்றார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நம் இரண்டு வீட்டுக்கும் அந்த அறிக்கை வராது.