காயாத சுவர்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பத்து நாள் இருக்கிறேன் என்று வந்துவிட்டு, மூன்றாம் நாளே பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும். அவனுக்கு மூச்சிழுப்பு வந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உங்கள் குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கிற பூஞ்சைதான் இழுப்பைக் கிளப்பியிருக்கும் என்கிறார் டாக்டர். அது போகிறவரை அவனை அங்கே கூட்டி வரக்கூடாதாம். வீட்டை ஆள்வது நீங்கள், அதனால் அண்ணனுக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

மருமகப்பிள்ளைக்கு உடம்பு தேவலையா? எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. என் சுத்தத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவுகிறேன். தேய்க்கத் தேய்க்க அது திரும்ப வருகிறது, நான் என்ன செய்ய? உன் டாக்டரை ஒருநாள் வரச் சொல். என் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

அண்ணி

ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுத்தமில்லை என்று நான் சொல்லவே இல்லை. அத்தை வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று இவன் தினமும் கேட்கிறான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. ரோஷம்தான், வேறென்ன. எங்காவது குழாய் கசிகிறதா என்று பார்க்கக் கொத்தனாரை வரவழைத்தேன். தட்டிப் பார்த்தார், சாத்தியிருந்த சன்னலைப் பார்த்தார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று தடவை என்று பெருமையாகச் சொன்னேன்.

"சுவர் காயறதுக்கு நேரமே குடுக்கலியேம்மா. வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தி நீங்கதான் அத வளக்கறீங்க" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்து மாடியிலிருந்து தெரியும் என்று சன்னலையும் வருஷக்கணக்காகத் திறந்ததில்லை. பிறகு அவரை வைத்தே எல்லாம் சுரண்டி, மருந்தடித்து, புதுப் பூச்சுப் பூசி, சன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டுத் திறந்தாயிற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. இப்போது ஒரு வேளைதான் கழுவுகிறேன். யார் குளித்தாலும் சுவரை வைப்பரால் வழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். உன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வழிக்கிறார். தினமும் கையை வைத்துப் பார்க்கிறேன், மூன்று வாரமாகக் காய்ந்தே இருக்கிறது.

தப்பு என்னுடையது. இதை உன் அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை. பையனைக் கூட்டி வா.

அண்ணி

செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை அங்கே இருந்த நாளெல்லாம் இவனுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. மருந்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் பிறந்த வீட்டில் என் பிள்ளை ஓடியாடி மூச்சு வாங்க விளையாடியதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நேற்று ஆபீசில் பக்கத்து மேசைக்காரி, லீவுக்கு எங்கே போனாய் என்று கேட்டாள். அம்மா போன பிறகு இத்தனை வருஷமும் அண்ணன் வீடு என்றுதான் சொல்லி வந்தேன். நேற்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"எங்க அண்ணி வீட்டுக்கு."

உங்கள் பாப்பா